சாபம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு நகைச்சுவைத் தொடர் ஓகோவென்று ஓடி முடிந்தபின் அதன் நடிகர்கள் தொலைந்துபோவதைச் 'சாபம்' என்று எழுதும் வழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. அமெரிக்கத் தொடரான 'சைன்ஃபெல்டு' 1998 மே மாதம் முடிந்தது. அப்புறம் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் 2000இலும், ஜேசன் அலெக்சாண்டர் 2001இலும் தனித்தனியே தொடர்கள் தொடங்கினார்கள். இரண்டுமே ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. உடனே சாபம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்பது வருடங்கள் கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு, தலைமுடி சிலிர்க்க உள்ளே சறுக்கி வந்த கிரேமரை, அதாவது 'சைன்ஃபெல்டு' தொடரில் ரிச்சர்ட்ஸ் நடித்த பாத்திரத்தை, மக்கள் வாராவாரம் பார்த்தார்கள். அதே ஆள் புதிய தொடரில் துப்பறிவாளராக வந்து நின்றால், கண் அந்தக் கதவைத்தானே தேடும்? பழக்கம் விடாத நம் கண்ணுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

'சைன்ஃபெல்டு' தொடரில் எலேன் என்ற பெண்ணாக நடித்த ஜூலியா லூயி டிரைஃபஸைப் பாருங்கள். அவருடைய அடுத்த தொடரும் 2003இல் நின்றுபோனது. சரி, இத்துடன் முடிந்தது என்று அவர் வீட்டில் உட்காரவில்லை. 2006இல் வேறொரு தொடருக்காக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். பிறகு 'வீப்' தொடருக்காக 2012 முதல் 2017 வரை தொடர்ந்து ஆறு முறை! கட்டைவிரலை நீட்டிக் காலை உதறி எலேன் ஆடிய அந்தக் கோமாளி ஆட்டத்தை நானும் மறக்கவில்லை. ஆனாலும் 'வீப்' பார்க்கையில் எலேன் நினைவுக்கே வரவில்லை.

சாபம் என்ற தலைப்பை இனி தயவுசெய்து போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை