கூசான் தீவில் நீ பார்க்காமல் விட்டவை

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். வேதாரண்யத்தில் வெயில் இன்னும் தணியவில்லை என்றாலும், கோடியக்கரைச் சேற்றில் உள்ளான்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. நேற்று மாலை அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உனக்குத் தர வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. சேஷெல்ஸில், ப்ராலின் தீவு விடுதியில் மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இவ்வளவு காசு கட்டி அந்தத் துண்டுத் தீவுக்குப் போறியேம்மா, பத்துப் பறவையாவது இருக்குமா?" என்று கேட்டாய். படகுக்கு நேரமாகிவிட்டதால் அப்போது ஒன்றும் சொல்லாமல் கிளம்பினேன். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமல்ல என்பதால் எழுதுகிறேன்.

நீ கேட்டதிலும் நியாயம் உண்டு. கோடியக்கரையில் ஒரு நல்ல தை மாதக் காலையில் அறுபது எழுபது வகைப் பறவைகள் என் குறிப்பேட்டில் ஏறிவிடும். சேஷெல்ஸ் நாட்டுக்கே உரிய தரைப்பறவைகளில் கூசானில் பார்க்கக் கிடைப்பவை ஐந்தே ஐந்து வகைதான். தீவும் முப்பது ஹெக்டேருக்கு உள்ளேதான் இருக்கும். கடல் கடந்து எந்தப் பறவை வந்து சேர்ந்ததோ, சேர்ந்தவற்றில் எது பிழைத்ததோ, அது மட்டுமே அங்கே இருக்கிறது. ஆகவே வகைகளை எண்ணும் பழக்கத்தோடு போகிறவருக்கு அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் நம் ஊரில் உள்ளான் கூட்டத்தைக் கூட்டமாகத்தான் பார்க்கிறேன். அங்கே ஒரு பறவையை, இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதைப் போல, தனியொன்றாகத் தெரிந்துகொள்ள முடிகிறது.

நாங்கள் போன படகு தீவில் கரையேறவில்லை. வெளிப்படகு எதற்கும் அங்கே அனுமதி இல்லை. ஒரே ஒரு சினை எலி பைக்குள் ஒளிந்து வந்து இறங்கினாலும் தரையில் கூடு கட்டும் பறவைகளின் கதை முடிந்துவிடும். நடுக்கடலில் நிறுத்தி, தீவின் காவலர்கள் ஓட்டிவரும் அவர்களுடைய படகுக்கு எங்களை மாற்றினார்கள். தென்கிழக்குக் காற்றுக் காலமாதலால் அலை பெரிதாக இருந்தது. அவர்கள் அலையின் முதுகுக்காகக் காத்திருந்து, படகை ஒரே வேகத்தில் மணலின் மீது ஏற்றிவிட்டார்கள். அறுபத்து மூன்று வயதில் எனக்கு அது சற்று அதிகம்தான். உன் மனைவி கொடுத்தனுப்பிய கொசு மருந்து இல்லையென்றால் அடுத்த இரண்டு மணி நேரமும் வீணாகியிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே இரைச்சல். ஆங்கிலத்தில் 'லெஸ்ஸர் நாடி' என்று பறவைநூலார் சொல்லும் கரும்பழுப்பு ஆலாக்கள் என்ற கடற்பறவைகள், ஒவ்வொரு கிளையிலும் கடற்பாசியையும் காய்ந்த இலைகளையும் எச்சத்தால் ஒட்டிக் கூடு கட்டியிருந்தன. அவை விரும்பி அமரும் பிசோனியா மரம், நம் கொல்லைகளில் லச்சக்கொட்டைக் கீரை என்று வளர்க்கிறோமே, அதன் உறவு. அந்த மரத்தின் விதைகள் பசை போல ஒட்டும். அதிகமாக ஒட்டிக்கொண்டால் பறவை சிறகை விரிக்க முடியாமல் விழுந்து செத்துவிடும். இடம் கொடுத்த மரமே வலையாகவும் ஆகிவிடுகிறது. வெள்ளை ஆலா கூடு கட்டும் சிரமத்தையே எடுத்துக்கொள்வதில்லை. வெறும் கிளையில் இருக்கும் ஒரு சிறு பள்ளத்தில் ஒற்றை முட்டையை வைத்து அதன் மேல் அமர்ந்துகொள்கிறது. என் கண் மட்டத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஒன்று அப்படி அமர்ந்து கரிய விழிகளால் என்னைப் பார்த்தது. பைனாகுலரை உறையிலிருந்து எடுக்கவே தேவைப்படவில்லை. நாற்பது ஆண்டுகளாக எவ்வளவு தொலைவில் நின்றால் பறவை கலையாது என்றே கணக்குப் போட்டுப் பழகியவளுக்கு அந்த அச்சமின்மை முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அதே அச்சமின்மைதான், பூனையும் எலியும் மனிதனோடு வந்து இறங்கிய தீவுகளில் அவற்றின் அழிவுக்கு வழி செய்தது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

நீ கட்டாயம் பார்த்திருக்க வேண்டியது சேஷெல்ஸ் கதிர்க்குருவி. கண்ணைப் பறிக்கும் பறவை அல்ல. மங்கிய பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், சிட்டுக்குருவியளவு உடல், இலைகளின் அடிப்புறத்தில் பூச்சி தேடும் தொழில். கொப்பரைக்காகத் தீவு முழுவதும் தென்னையை நட்டபோது அதன் காடு போயிற்று. 1960-களில் உலகம் முழுவதிலும் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு, அவை அத்தனையும் கூசானில். 1968-இல் பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு மன்றம் தீவையே விலைக்கு வாங்கியது. தென்னங்கன்றுகளை அகற்றி, பழைய மரங்கள் தாமாக எழும்பி வர விட்டார்கள். பறவையைக் கூண்டில் அடைத்து வளர்க்கவில்லை, தீனி போடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் முந்நூறுக்கு மேல் பெருகி, இனி இங்கே இடமில்லை என்ற நிலை வந்துவிட்டது.

அந்தக் குருவி கடலைத் தாண்டாது. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக் கூசீன் தீவு கண்ணெதிரே தெரிகிறது. பறக்கச் சிறகும் இருக்கிறது. ஆனாலும் ஆண்டுக்கணக்காகக் கவனித்ததில், தானாகக் கடந்து போனவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் மனிதர்களே எடுத்துச் சென்று 1988-இல் அரீத் தீவில் 29, 1990-இல் கூசீனில் 29, 2004-இல் டெனி தீவில் 58, 2011-இல் ஃப்ரெகேட் தீவில் 59 என்று குடியேற்றினார்கள். இன்று மூவாயிரத்துக்கும் மேல். அரீத்தில் பூச்சி மிகுதி. கூசானில் ஒரு முட்டையோடு நிறுத்திக்கொண்ட பறவைகள் அங்கே ஆண்டு முழுவதும் முட்டையிட்டனவாம்.

வழிகாட்டிய பெண் இன்னொன்றும் சொன்னார். பூச்சி வளமான இடத்தில் வாழும் இணை பெரும்பாலும் பெண் குஞ்சையும், வறண்ட இடத்தில் வாழும் இணை பெரும்பாலும் ஆண் குஞ்சையும் பெறுகின்றன. பெண் பிள்ளை பிறந்த எல்லையிலேயே தங்கி, அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும்; அடைகாக்கவும் செய்யும். ஆண் பிள்ளை கிளம்பிப் போய்விடும். யான் கோம்டெர் என்ற நெதர்லாந்து அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997-இல் இதை வெளியிட்டார்கள். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு தினமும் என் மாத்திரையை எண்ணிப் பார்க்கிற உன் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம வீடு வளமான வீடா, வறண்ட வீடா?" என்று கேட்டாள். இரண்டையும் பெற்றவள் என்ன சொல்வது? சிரித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நம் குண்டுக்கரிச்சானின் உறவான சேஷெல்ஸ் கரிச்சானும் அங்கே உண்டு. உடல் முழுவதும் பளபளக்கும் கருமை, சிறகில் ஒரு வெள்ளைத் தீற்றல். இருபதுக்கும் குறைவாக ஃப்ரெகேட்டில் மட்டும் மிஞ்சியிருந்ததை 1990-களில் இங்கே கொண்டுவந்தார்கள். நாம் நடந்தால் சருகு கலையும், பூச்சி வெளிப்படும் என்று தெரிந்து காலடியிலேயே தொடர்ந்து வந்தது. கரையோரம் கல்திருப்பி உள்ளானைக் கண்டதும், ஊர்க்காரரை வெளியூர்ச் சந்தையில் பார்த்ததைப் போல இருந்தது. கோடியக்கரையில் சேற்றை விட்டு அகலாதது அங்கே மரநிழலில் கோழி போல் மேய்கிறது. மாஹே தீவில் உன் வீட்டு மாடத்தில் கூச்சலிடும் மைனாவும் நம் நாட்டிலிருந்து போனதுதான். ஆனால் அது அங்குள்ள பறவைகளுக்குப் பகை. சில தீவுகளில் பிடித்து அறவே ஒழித்திருக்கிறார்கள். அதற்குச் சோறு வைக்காதே.

இனி உனக்கு ஒரு வேலை. அந்தக் கதிர்க்குருவிகள் ஏறக்குறைய எல்லாவற்றின் கால்களிலும் வண்ண வளையங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு உள்ள வரிசை மற்றொன்றுக்கு இல்லை. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததற்கு இடக்காலில் உலோக வளையமும் அதன் மேல் சிவப்பும், வலக்காலில் மஞ்சளும் அதன் கீழ் நீலமும் இருந்தன. காவலர் குடிலைத் தாண்டி, குன்றுக்கு ஏறும் பாதை பிரியும் இடத்தில், இடப்பக்கப் புதரில் பார்த்தேன். பெரும்பாலும் தன் எல்லையை விட்டு அகலாத பறவை. காற்று மாறிக் கடல் அடங்கியதும் ஒரு வேலை நாள் காலையில் விடுப்பெடுத்துப் போய், அது இன்னும் அங்கே இருக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுது. மடிக்கணினியை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போ. கிளம்பும் முன் பையை உதறி, செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடு.

அன்புடன்,
அம்மா