லைட் அவுஸ் வீட்டுப் பிள்ளை

தூத்துக்குடி
ஜனவரி 4

அன்புள்ள சேவியருக்கு,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. கொண்டுவந்து கொடுத்த தபால்காரப் பையன், "இன்லேண்ட் லெட்டரெல்லாம் இன்னும் எழுதுறாங்களா சார்?" என்று கேட்டான். பதில் தாமதமானதற்கு என் இடது கண்தான் காரணம். புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். குனியாதே, தலைக்குக் குளிக்காதே, படிக்காதே என்று மூன்று வாரம் வீட்டில் ஒரே கெடுபிடி. இப்போது பரவாயில்லை. சுவர்க் காலண்டரில் ராகு காலம் எமகண்டம்கூடக் கண்ணாடி போடாமல் தெரிகிறது.

படிக்கக் கூடாது என்றவர்கள் டிவி பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. அரையாண்டு லீவுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பேரனுக்கு எட்டு வயது. அவன் என்னை உட்கார வைத்து, தமிழில் பேசும் அக்வாமேன் படம் இரண்டையும் அடுத்தடுத்த நாள் போட்டுக் காட்டினான். சிரிக்காதே. முதல் பத்து நிமிஷத்திலேயே எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் இத்தனை பக்கம்.

கதை தொடங்குவதே லைட் அவுஸில்தான். 1985, அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்துக் கடற்கரை, புயல் ராத்திரி. விளக்கைப் பார்த்துக்கொள்கிற டாம் கர்ரி, பாறையில் ஒரு பெண் அடிபட்டு ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்து வீட்டுக்குத் தூக்கி வருகிறார். அவள் கடலுக்கு அடியில் இருக்கும் அட்லாண்டிஸ் நாட்டு அட்லானா. பிடிக்காத கல்யாணத்துக்குத் தப்பி ஓடி வந்தவள். கண் விழித்த கொஞ்ச நேரத்தில் தொட்டியிலிருந்த தங்கமீனைப் பிடித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறாள். "பச்சையாவா தாத்தா!" என்று பேரன் முகத்தைச் சுளித்தான். அவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைதான் ஆர்தர், அதாவது அக்வாமேன். பிற்பாடு அவளைத் தேடிப் படை வருகிறது. தான் இங்கே இருந்தால் புருஷனும் பிள்ளையும் பிழைக்க மாட்டார்கள் என்று அவளே கடலுக்குத் திரும்பிவிடுகிறாள். அதற்கப்புறம் அந்த மனிதர் தினமும் சூரியன் உதிக்கும் நேரத்துக்குப் படகுத்துறை முனையில் போய் நிற்கிறார். தலை நரைத்த பிறகும் நிற்கிறார்.

உங்க அப்பா ரிடையர் ஆன பிறகும் பொழுது சாய்ந்தால் தெருவுக்கு வந்து மணப்பாட்டு விளக்கு எரிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார், ஞாபகம் இருக்கிறதா? நம்மை மேலே கூட்டிப் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். லென்ஸில் நம் விரல் பட்டுவிடக் கூடாது. பட்டால் முதலில் துணியால் துடைப்பார், அப்புறம்தான் நமக்கு அடி.

டாம் கர்ரியாக நடித்த டெமுவேரா மோரிசன் நியூசிலாந்து மவோரி. ஆர்தராக வரும் ஜேசன் மொமோவா ஹொனலுலுவில் பிறந்தவர், ஹவாயின் பூர்வகுடி ரத்தம். இயக்குநர் ஜேம்ஸ் வான் மலேசியாவில் கூச்சிங்கில் பிறந்தவர். காமிக்ஸில் அக்வாமேன் மஞ்சள் முடி வைத்த வெள்ளைக்காரன். படத்தில் தீவுகளில் பிறந்தவர்கள் கையில் கதையைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் தண்ணீருக்குள் நடக்கிற காட்சிகளில் பெரும்பாலும் தண்ணீரே கிடையாதாம். ஆட்களைக் கம்பியில் தொங்கவிட்டுப் படம் எடுத்து, தலைமுடி மிதப்பதைக் கம்ப்யூட்டரில் சேர்த்தார்களாம். மாப்பிள்ளை சொன்னதும் பேரனுக்கு முகம் விழுந்துவிட்டது.

மாப்பிள்ளை சின்ன வயதிலிருந்தே அமெரிக்கக் காமிக்ஸ் சேர்க்கிறவர். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயைக் கிளறினால் போதும், பன்னிரண்டு மணி வரை போகும். அக்வாமேன் முதலில் வந்தது 1941இல். பால் நாரிஸ் வரைந்தார், மார்ட் வைசிங்கர் எழுதினார். அப்போது ராணியும் கிடையாது, லைட் அவுஸும் கிடையாது. தகப்பன் கடலடி ஆராய்ச்சிக்காரர். மூழ்கிப்போன நகரத்தைக் கண்டுபிடித்து, அங்கே கிடைத்த வித்தைகளை வைத்துத் தண்ணீருக்குள் வாழப் பிள்ளையைப் பழக்கினார், அவ்வளவுதான். எனக்கென்னவோ இந்தப் பழைய கதைதான் நம்பும்படி இருந்தது. சங்கு குளிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மூச்சுப் பிடித்துப் பழகியதை நாம் பார்க்காததா? தகப்பனை லைட் அவுஸ்காரராகவும் தாயைக் கடல் ராணியாகவும் மாற்றியது 1959இல்.

இந்த ஆளை ரொம்ப காலம் அமெரிக்காவிலேயே கேலிதான் செய்தார்களாம். 1973இல் வந்த ஒரு டிவி கார்ட்டூனில் சூப்பர்மேன், பேட்மேன் எல்லோரோடும் இவனும் வருவான். மீனோடு பேசுகிறவனுக்குத் தரையில் என்ன வேலை? அதிலிருந்து 'மீனோடு பேசுகிறவன்' என்பதே நகைச்சுவையாகிவிட்டது. எனக்கு இதில் என்ன கேலி என்று விளங்கவில்லை, மக்கா. மீன் எங்கே நிற்கிறது என்று அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிற ஒருத்தன் நம் கரையில் இருந்திருந்தால் அவனைத் தோளில் தூக்கி வைத்திருப்போம்.

கேலி செய்தவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இவன் குடும்பஸ்தன். 1963இல் மேரா வருகிறாள், 1964இல் கல்யாணம், 1965இல் பிள்ளை. மற்ற வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு காதலியிடம் பெயரை மறைத்துத் திரிந்த காலம் அது. இவனுக்கு மனைவி, தொட்டில், சிம்மாசனம் மூன்றும் இருந்தன. ஆக, எதிரிகளுக்கு வேலை சுலபம். இவனைக் கடலுக்குள் ஜெயிக்க முடியாது, அதனால் வீட்டில் கை வைக்கிறார்கள். 1966இல் ஓர்ம் வருகிறான். உடன்பிறப்பு. அடுத்த வருஷம் பிளாக் மான்ட்டா. பெரிய உருண்டைத் தலைக்கவசம், அதில் சிவப்பாக இரண்டு கண், அதிலிருந்து நெருப்பு. மான்ட்டா என்றால் நம் கொம்புத் திருக்கைதான். கருந்திருக்கை என்று நானே பெயர் வைத்துவிட்டேன், பேரனும் இப்போது அப்படித்தான் சொல்கிறான்.

இந்தக் கருந்திருக்கை 1977இல் செய்த காரியத்தை மாப்பிள்ளை பேரன் தூங்கிய பிறகுதான் சொன்னார். அந்தக் குழந்தை தண்ணீரில் மூச்சு விடுகிற குழந்தை. அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கண்ணாடிக் கூண்டில் அடைத்து, உள்ளே காற்றை நிரப்புகிறான். நமக்கெல்லாம் உயிர் கொடுக்கிற காற்றில் அது மூச்சுத் திணறிச் செத்துப்போகிறது. படகிலிருந்து இறக்கிய கூடையில் வாயைத் திறந்து திறந்து மூடும் மீனை எத்தனை ஆயிரம் பார்த்திருப்போம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் படத்தில் இந்தப் பகைக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். தகப்பனும் மகனுமாகக் கடற்கொள்ளை அடிக்கிறார்கள். ஒரு நீர்மூழ்கிக் கப்பலில் ஆர்தர் வந்து அடித்துப் போடுகிறான். தகப்பன்மேல் டார்பிடோ சரிந்து விழுகிறது, தண்ணீர் ஏறுகிறது. "தூக்கிவிடு" என்று மகன் கெஞ்சுகிறான். ஆர்தர் நினைத்தால் ஒரு கையால் தூக்கலாம். தூக்காமல் போய்விடுகிறான். கருந்திருக்கை அந்த இடத்தில்தான் உருவாகிறான். எதிரியைத் தானே செய்து வைத்துக்கொண்டான் என்று சொன்னால் பேரன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க திருடங்க தாத்தா" என்கிறான். திருடன்தான். ஆனால் அவனும் ஒருத்தனுக்கு அப்பா இல்லையா?

இரண்டாவது படம் வந்தது 2023 டிசம்பர், நம் ஊர் முங்கிக் கிடந்த அதே வாரம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்று ஜனங்கள் இரண்டு நாள் தவித்தார்கள். எங்கள் வீட்டில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், ஃபிரிட்ஜ் மிதந்தது. அந்த வாரத்தில் எவன் தியேட்டருக்குப் போவான்? இப்போது பார்த்தால் படத்தின் கதையே அதுதான். கருந்திருக்கை பழங்காலத்து எரிபொருள் ஒன்றை எடுத்து எரிக்கிறான், பூமி சூடாகிறது, பனி உருகுகிறது. ஒரிகால்கம் என்று அதற்குப் பெயர். அட்லாண்டிஸ் கதையை எழுதிவைத்த பிளேட்டோவே சொல்கிற உலோகம் அது. அவர் காலத்தில் பளபளப்பாக இருந்தது, இவர்கள் கையில் புகையாகிவிட்டது.

அவனுக்குக் குறி ஆர்தரின் கைக்குழந்தை. அன்டார்ட்டிகாவில் பனிக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் ஒரு ராஜாவை விடுவிக்க, பழைய அரசன் அட்லானின் வம்சத்து ரத்தம் வேண்டும். லைட் அவுஸ் வீட்டைக் கொளுத்திப் பிள்ளையைத் தூக்கிவிடுகிறான். டாம் கர்ரி படுகாயத்தோடு கிடக்கிறார். ராஜா பகலில் சபையில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், வீட்டுக்கு வந்து பிள்ளைக்குத் துணி மாற்றும்போது அது முகத்திலேயே ஒன்றுக்கு அடிப்பதும் படத்தின் ஆரம்பத்தில் வருகிறது. சண்டைகளைவிட எனக்கு அதுதான் நினைவில் நிற்கிறது. முதல் படம் உலகம் முழுக்க நூறு கோடி டாலருக்கு மேல் அள்ளியது, இதற்கு அதில் பாதிகூட வரவில்லை. நடுவில் வருகிற பெரிய பூச்சிகளும் காடும் எதற்கென்றே தெரியவில்லை, அந்த இடத்தில் நான் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். ஆனாலும் எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. காரணம் ஓர்ம்.

ஓர்ம் காமிக்ஸில் முதலில் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவன். படத்தில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை. எப்படியானாலும் பங்காளிச் சண்டைதான். சிம்மாசனத்துக்காக அண்ணனோடு மோதி, தோற்று, பாலைவனத்தில் சிறை கிடக்கிறான். கடலில் பிறந்தவனைப் பாலைவனத்தில் போட்டால் என்ன ஆகும்? கருவாடாகிக் கிடக்கிறான். கருந்திருக்கையின் வழி தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். வேறு வழியில்லாமல் ஆர்தரே ஒரு பேய்க்கணவாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு போய்ச் சிறையை உடைத்துக் கூட்டி வருகிறான். வழியெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் குத்திப் பேசிக்கொண்டே வருகிறார்கள். ஓரிடத்தில் கரப்பான்பூச்சியைக் காட்டி, இது தரையில் கிடைக்கிற இறால் என்று ஆர்தர் சொல்ல, தம்பி அதை நம்பி மென்று தின்றுவிடுகிறான். பேரன் உருண்டு உருண்டு சிரித்தான். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பார், தம்பி கடையில் உட்கார்ந்து தன் பர்கருக்குள் ஒரு கரப்பானைப் பிடித்து வைத்துக் கடிக்கிறான். ருசி கண்டுவிட்டான்.

பனிக்கு அடியில் கிடக்கிற அந்த ராஜா யார் தெரியுமா? பழைய அரசன் அட்லானின் கூடப்பிறந்தவன். ஆயிரக்கணக்கான வருஷமாகத் தீராத அண்ணன் தம்பிப் பகை. அவனுடைய கறுப்புச் சூலத்தைத் தொட்டதும் ஓர்முக்குப் பழைய கோபமெல்லாம் பொங்கி, ஆர்தர்மேலேயே பாய்கிறான். அந்த இடத்தில் ஆர்தர் அடித்து ஜெயிக்கவில்லை. பேசுகிறான். தம்பி சூலத்தை விட்டுவிடுகிறான். பிள்ளையும் பிழைத்துக்கொள்கிறது. கடைசியில் பிளவில் தொங்குகிற கருந்திருக்கைக்கும் ஆர்தர் கையை நீட்டுகிறான். அன்று அப்பனுக்கு நீட்டாத கை. அவன் பிடிக்காமல் விழுந்துவிடுகிறான்.

சரி, இப்போது உன் விஷயம். மணப்பாட்டு வீட்டைப் பற்றியும் லூர்துவைப் பற்றியும் எழுதக் கூடாது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். பதினோரு வருஷம் எழுதவில்லை. இந்த ஒரு தடவை திட்டிக்கொள்.

அந்த வெள்ளத்தில் எங்களை மாடியிலிருந்து இறக்கியது யார் என்று உன்னிடம் சொல்லவில்லை. மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்தார்கள் என்று மட்டும் எழுதினேன். வந்தது உன் தம்பி. ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தெரு முனையில் இறக்கினான். என் மனைவியைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு முதலில் கேட்டது, "அண்ணன் போன் பண்ணினாரா?" சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான், அதனால்தான் இத்தனை நாள்.

போன வாரம் கண்ணைப் பார்க்க வந்திருந்தான். கழுத்தில் உங்க அப்பாவின் பைனாகுலர். அவன் விற்றுத் தின்றுவிட்டான் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாயே, அதேதான். தோல் உறை கிழிந்து நைலான் கயிறு போட்டுத் தைத்திருக்கிறான். பேரனுக்குக் காட்டக் கழற்றிக் கொடுத்தான். உறையின் உள்பக்கம் நீல இங்க்கில் 'எஸ். சேவியர், 7ஆ' என்று இருக்கிறது, உன் கோழிக் கிறுக்கலேதான். இங்க் மங்கிப்போன இடத்தில் யாரோ பால்பாயின்ட் பேனாவால் மேலேயே எழுதியிருக்கிறார்கள்.

பொங்கல் முடிந்து வருவதாக எழுதியிருக்கிறாய். எந்த ரயில், என்றைக்கு என்று போடு. கண்ணை வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு நான் ஸ்டேஷனுக்கு வர முடியாது. ஆள் அனுப்புகிறேன். யாரை என்று கேட்காதே.

அன்புடன்,
முருகேசன்

மக்ரூன் இரண்டு கிலோ சொல்லிவைத்திருக்கிறேன். உனக்கு சுகர் என்றால் மருமகளுக்கு எடுத்துப் போ.