மைல்ஸ் வேஸ்ட்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்த ஊர் வழியா தேடினீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஏர்லைன் மைல்ஸ், அதாவது டிக்கெட்டுக்கு காசுக்கு பதிலா குடுக்கற ஏர்லைன் பாயிண்ட்ஸ் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. வருஷக்கணக்கா மைல்ஸ் சேர்த்தாலும் வேணுங்கற தேதில வெளிநாட்டுக்கு சீட்டே கிடைக்காது, பேசாம கிஃப்ட் வவுச்சரா மாத்திட்டு வேலைய பாருங்கன்னு முடிச்சிருந்தாங்க. சீட் கிடைக்கறது கஷ்டம்ங்கறத நான் மறுக்கல. ஆனா அவ்ளோ பெரிய கட்டுரைல எந்த ஊர் வழியா தேடிப் பாத்தாங்கன்னு ஒரு வரி கூட இல்லையே. மேட்டரே அங்கதான இருக்கு.

நெறைய பேரு என்ன பண்றாங்கன்னா, கிளம்புற ஊர், போற ஊர் ரெண்டையும் அடிக்கறாங்க, லீவு ஆரம்பிக்கற தேதிய போடறாங்க, ஒண்ணும் வரல, இல்லன்னா தலைய சுத்தற மாதிரி ஒரு பாயிண்ட்ஸ் கணக்கு வருது, உடனே மூடிட்டு ஏர்லைன திட்ட ஆரம்பிச்சிடறாங்க. ஏர்லைன் பக்கம் இருந்து பாத்தா இதுல ரகசியமே இல்ல. காசு குடுத்து டிக்கெட் வாங்க ஆள் வரிசைல நிக்கற ரூட்ல மைல்ஸுக்கு எதுக்கு சீட் விடணும்? லண்டன், ஃப்ராங்க்ஃபர்ட், நேரடி ஃப்ளைட் எல்லாம் அந்த கேஸ்தான். அதே சமயம் இஸ்தான்புல், அடிஸ் அபாபா, வார்சா, லிஸ்பன், கெய்ரோ, தைபேன்னு ஒரு லிஸ்ட் இருக்கு. இந்த ஊர்கள்ல இருக்கற ஏர்லைன்களுக்கு சொந்த ஊர் ஜனங்கள மட்டும் நம்பி இவ்ளோ நீள ஃப்ளைட் ஓட்ட முடியாது, மாறிப் போற பாசஞ்சர்தான் பொழப்பு. அதனால அங்க மைல்ஸ் சீட் எட்டிப் பாக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. எல்லா நாளும் இருக்கும்னு சொல்லல, ஆனா தேடறவன் அங்க போய் தேடறதே இல்லங்கறதுதான் என் வருத்தம்.

இன்னொண்ணும் அந்த கட்டுரைல விட்டுட்டாங்க. நம்ம கையில இருக்கற மைல்ஸ் எந்த கம்பெனியோடதோ அந்த கம்பெனி ஃப்ளைட்லதான் போகணும்னு ஒண்ணும் இல்ல. ஏர்லைன்கள் கூட்டணி போட்டு ஒருத்தர் மைல்ஸுக்கு இன்னொருத்தர் சீட் தர்றாங்க. ஸ்டார் அலையன்ஸ்ங்கற கூட்டணி 1997ல ஆரம்பிச்சப்ப அஞ்சே அஞ்சு ஏர்லைன், ஒன்வேர்ல்ட் 1999, ஸ்கைடீம் 2000. இன்னிக்கு ஏர் கனடாவோட மைல்ஸ் திட்டமான ஏரோப்ளான் பாயிண்ட்ஸ் வெச்சு அதே ஸ்டார் கூட்டணில இருக்கற டர்கிஷ்லயோ எதியோப்பியன்லயோ தைவானோட ஈவா ஏர்லயோ ஏறிப் போகலாம். யார் எந்த கூட்டணில இருக்காங்கங்கறதும் மாறிட்டே இருக்கு, உதாரணத்துக்கு ஸ்காண்டிநேவியா ஏர்லைனான எஸ்ஏஎஸ் 2024 செப்டம்பர்ல ஸ்டார் அலையன்ஸ விட்டுட்டு ஸ்கைடீமுக்கு போயிட்டாங்க, அதோட கோபன்ஹேகன் வழியும் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிடுச்சு. பழைய லிஸ்ட்ட வெச்சு தேடினா நேரம்தான் வீண்.

ஒரு ரூட்ட எடுத்து சொன்னா புரியும். சிங்கப்பூர்ல இருந்து டொராண்டோ போகணும், கையில ஏரோப்ளான் பாயிண்ட்ஸ் இருக்குன்னு வெச்சுக்குவோம். மொத்தமா அடிச்சா முதல்ல கண்ணுல படறது ஏர் கனடாவோட வான்கூவர் வழிதான். ஆனா ஏர் கனடா தன்னோட சொந்த ஃப்ளைட்டுக்கு பாயிண்ட்ஸ டிமாண்ட் பாத்து ஏத்தி இறக்கும், அதனால லீவு சீசன்ல அந்த நம்பர பாத்தா நெஞ்சு அடைக்கும். இப்ப தைபே வழியா ஈவா ஏர்ல பாருங்க. ரெண்டு ஃப்ளைட்டும் சேர்ந்து பறக்கற தூரம் சுமார் 9,500 மைல். இஸ்தான்புல் வழியா டர்கிஷ்ல போனா கிட்டத்தட்ட 10,500. தலைய சுத்தி மூக்க தொடற கதையா இருக்கேன்னு தோணும். ஆனா ஏரோப்ளானோட பாயிண்ட்ஸ் சார்ட்ல வட அமெரிக்கா டு பசிபிக்குக்கு (சிங்கப்பூர் இதுலதான் வரும்) 7,501ல இருந்து 11,000 மைல் தூரம் வரைக்கும் ஒரே ஸ்லாப், அதனால இந்த மாதிரி பார்ட்னர் ஏர்லைன்ல சுத்திப் போறதுக்கு எக்ஸ்ட்ரா பாயிண்ட்ஸ் கிடையாது. 11,000 தாண்டினாதான் அடுத்த ஸ்லாப்புக்கு ஏறும், அதனால மேப்ப வெச்சு தூரத்த கூட்டிப் பாத்துட்டு இறங்குறது நல்லது.

தேடறதுலயும் ஒரு வழி இருக்கு. மொத்த ரூட்ட அடிக்காம நீளமான துண்ட மட்டும் முதல்ல தேடணும், அதாவது தைபே டு டொராண்டோ மட்டும், இஸ்தான்புல் டு டொராண்டோ மட்டும். அதுதான் கிடைக்காத சரக்கு. அது எந்தெந்த தேதில இருக்குன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வெச்சிட்டு அப்பறம் சின்ன துண்ட அதோட கோத்துக்கலாம், அது பெரும்பாலும் கிடைச்சிடும். நேரம் ஒட்டலன்னாலும் பரவால்ல, வெளிநாட்டு கனெக்‌ஷன் 24 மணி நேரத்துக்குள்ள இருந்தா அது ஸ்டாப்ஓவர், அதாவது நடுவுல தங்கிப் போற கணக்குல வராது, ராத்திரி இறங்கி மறுநாள் சாயங்காலம் ஏறினாலும் ஒரே பயணம்தான். ஏரோப்ளான்ல ஒன்வே டிக்கெட்லயே 5,000 பாயிண்ட்ஸ் சேர்த்துக் குடுத்தா சில நாள் தங்கிட்டும் போகலாம், அது தனி சந்தோஷம்.

சில சமயம் ரெண்டு துண்டும் தனித்தனியா இருக்கும், சேர்த்து அடிச்சா காணாம போயிடும். வெப்சைட் கோளாறுன்னு நினைப்போம். அது இல்ல, மேரிட் செக்மென்ட்னு பேரு, எங்க கிளம்பி எங்க போறோம்ங்கற முழு பயணத்த பாத்துதான் சீட்ட காட்டலாமா வேணாமான்னு ஏர்லைன் சிஸ்டம் முடிவு பண்ணுது. சில நேரம் இது தலைகீழாவும் நடக்கும், தனியா கிடைக்காதது சேர்த்து தேடினா வரும். அதனால ரெண்டு விதமாவும் பாத்துட்டு, அதுக்கும் மேல ஒரு போன் போட்டு கேக்கறது உத்தமம். ஒருத்தர் இல்லன்னா அடுத்தவர் இருக்குன்னு சொல்லுவார், கால் சென்டர் லட்சணம் அப்படி.

அடுத்தது பணம். மைல்ஸ் டிக்கெட்னா ஃப்ரீன்னு நினைச்சிட்டு போயி கடைசி பேஜ்ல டாக்ஸ பாத்து ஷாக் ஆகாத ஆளே கிடையாது. அதுல பாதி டாக்ஸே இல்ல, ஏர்லைன் தானே போட்டுக்கற சர்சார்ஜ், ஒய்க்யூ ஒய்ஆர்னு கோடு போட்டிருக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸ், லுஃப்தான்சா ரெண்டும் இதுல பேர் போனவங்க. ஆனா அதே லுஃப்தான்சா சீட்ட ஏரோப்ளான் இல்லன்னா யுனைடெட் மைல்ஸ் வெச்சு எடுத்தா அந்த சர்சார்ஜ் இல்ல, ஏர்போர்ட் டாக்ஸும் புக்கிங் ஃபீஸும்தான். விமானம் ஒண்ணு, சீட் ஒண்ணு, எந்த ப்ரோக்ராம் வழியா எடுக்கறோம்ங்கறதுல பில்லு மாறுது. ஆவியோஸ்ங்கற பாயிண்ட்ஸ்லயும் இந்த கூத்து உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ், கத்தார், ஃபின்ஏர் எல்லாருக்கும் இப்ப ஆவியோஸ்தான், ஒரு அக்கவுன்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கலாம். அமெரிக்காவுக்கு லண்டன்ல இருந்து போறத விட மாட்ரிட்ல இருந்து ஐபீரியால போனா கையில இருந்து போற காசு நல்லாவே கம்மி.

லண்டனுக்கு இன்னொரு தலைவலியும் இருக்கு. 1994ல இருந்து அங்க ஏர் பாசஞ்சர் டூட்டின்னு ஒரு வரி வாங்கறாங்க, தூரம் கூட கூட ஏறும், பிசினஸ் கிளாஸுக்கு இன்னும் ஜாஸ்தி. அங்க பயணத்த ஆரம்பிக்கறவங்களுக்குதான் இது, ஒரே டிக்கெட்ல வந்து 24 மணி நேரத்துக்குள்ள மாறிப் போறவங்களுக்கு கிடையாது. அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க டப்ளின்ல இருந்து டிக்கெட்ட ஆரம்பிப்பாங்க, அயர்லாந்து இந்த மாதிரி டாக்ஸ 2014லயே எடுத்துடுச்சு. ஆனா டப்ளின் வரைக்கும் போறது தனி டிக்கெட். முதல் ஃப்ளைட் லேட் ஆனா ரெண்டாவது ஏர்லைன் உங்களுக்காக நிக்காது, வேற சீட்டும் தராது, பெட்டியையும் நாமதான் எடுத்து மறுபடி போடணும். முந்தின நாளே போய் ராத்திரி தங்கிக்கற மாதிரி பிளான் இல்லன்னா நான் இத யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மாத்து ஊர் வழியா போறதுல கண்ண மூடிட்டு பட்டன அமுக்கக் கூடாது. சர்ச்ல பிசினஸ் கிளாஸ்னு கொட்டை எழுத்துல வரும், உள்ள விரிச்சுப் பாத்தா ஒன்றரை மணி நேர துண்டு பிசினஸ், பத்து மணி நேர துண்டு எகானமி, பாயிண்ட்ஸ் மட்டும் பிசினஸ் ரேட்டு. மிக்ஸ்டு கேபின்னு ஓரமா பொடி எழுத்துல இருக்கும். அதே மாதிரி ஏர்போர்ட் மாறும், டோக்கியோன்னா நரிட்டால இறங்கி ஹனேடால ஏறு, இஸ்தான்புல்னா புது ஏர்போர்ட்டா சபீஹா கோக்சென்னா பாரு, இடையில ஊர தாண்டி பஸ் புடிக்கணும், அந்த ஊர் விசாவும் தேவைப்படலாம். விசான்னதும் அமெரிக்கா ஞாபகம் வருது. அங்க டிரான்சிட்னு தனியா ஒரு ஏரியாவே கிடையாது, வெளிநாட்டுல இருந்து வந்து வேற நாட்டுக்கு மாறிப் போறவங்களும் இமிக்ரேஷன் தாண்டி பெட்டி எடுத்துதான் ஆகணும், அதனால சும்மா ரெண்டு மணி நேரம் மாறிப் போறதுக்கும் விசாவோ, விசா தேவையில்லாத நாட்டுக்காரங்க ஆன்லைன்ல வாங்கற எஸ்டா அனுமதியோ வேணும். எந்த ஊர் வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க பாஸ்போர்ட்டுக்கு அங்க டிரான்சிட் விசா வேணுமான்னு பாக்கறதுதான் முதல் வேலை, சீட் எல்லாம் அப்பறம்.

எப்ப தேடறதுன்னா, ரெண்டு ஓரம்தான் லாபம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 355 நாள் முன்னாடியும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 331 நாள் முன்னாடியும் புக்கிங்க திறக்கறாங்க, அந்த முதல் நாள்லயே உக்காரணும். இல்லன்னா கிளம்பறதுக்கு கடைசி ரெண்டு வாரம், விக்காத சீட்ட அப்பதான் தள்ளி விடுவாங்க. கைல ஒரு சுமாரான டிக்கெட்ட போட்டு வெச்சிட்டு நல்லது வந்தா மாத்திக்கறதுதான் நடைமுறைல ஒத்து வரும், யுனைடெட், அமெரிக்கன்ல எல்லாம் கேன்சல் பண்ணா மைல்ஸ் அப்படியே திரும்பி வந்துடும், சில ப்ரோக்ராம்ல அதுக்கு ஃபீஸ் உண்டு. கிரெடிட் கார்டு பாயிண்ட்ஸ ஏர்லைன் மைல்ஸா மாத்தறவங்க மட்டும் சீட்ட கண்ணால பாத்தப்பறம் மாத்துங்க, போனது திரும்பி வராது.

அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போடும்போது எந்த ப்ரோக்ராம், எந்த ஊர் வழி, பாயிண்ட்ஸுக்கு மேல எவ்ளோ காசு கட்டினாங்கன்னு மூணையும் எழுதச் சொல்லுங்க, படிக்கறவங்க தாங்களே கணக்கு போட்டுக்குவாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்

பி.கு: அதே கட்டுரைல மைல்ஸுக்கு எக்ஸ்பயரி கிடையாதுன்னு பொதுவா எழுதியிருந்தீங்க. யுனைடெட், டெல்டாவுக்கு அது சரி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் 3 வருஷத்துல காலாவதி ஆயிடும். தயவுசெஞ்சு ஒரு திருத்தம் போட்டுடுங்க, உங்க பேப்பர நம்பி யாராவது சும்மா விட்டு வெச்சிருக்கப் போறாங்க.