பத்து ரூபாய் பாக்கி

அன்புள்ள சேது,

ஆடி மாதத்திலிருந்து நீ பதினொரு தடவை போன் செய்திருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். கோபமெல்லாம் இல்லை. மணி அடிப்பது கேட்கிறது, எடுத்தால் நீ பேசுவதுதான் கேட்கவில்லை. ஆமா ஆமா என்று சமாளித்துக்கொண்டே இருந்ததில், உன் மகள் கல்யாணம் தள்ளிப்போன செய்திக்கு ‘ரொம்ப சந்தோஷம்’ என்று சொல்லியிருக்கிறேன். கமலா சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் போனைத் தொடவே பயம். மன்னித்துவிடு.

போன வாரம் காது டாக்டரிடம் போனேன். முதலில் அழுக்கை எடுத்தார், பிறகு மெஷின் எழுதிக் கொடுத்தார். மாட்டியாயிற்று. மிக்ஸி சத்தம்தான் தாங்க முடியவில்லை.

அந்த அழுக்கைப் பார்த்ததும் எனக்குத் திமிங்கலம் ஞாபகம் வந்தது. சிரிக்காதே. நீலத் திமிங்கலத்தின் காதழுக்கு வெளியேறாது. அடுக்கடுக்காகச் சேரும், மர வளையம் போல எண்ணி வயது சொல்லலாம். 2007இல் கலிபோர்னியாவில் கரை ஒதுங்கிய ஒன்றின் காதில் கால் மீட்டர் நீளத்துக்கு இருந்தது. அதைச் சீவிச் சீவிச் சோதித்தால், எந்த வயதில் உடம்பில் பாதரசம் ஏறியது, எப்போது உளைச்சல் கூடியது என்று எல்லாம் வந்துவிட்டது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும் இருந்தது. பிறந்த முதல் வருஷத்திலேயே அதில் கணிசமான பங்கு தாயிடமிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. பாலோடு விஷம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். 2016 பொங்கலுக்கு முன்னால் மணப்பாடு கடற்கரையில் எண்பதுக்கு மேல் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கிக் கிடந்தனவே. மீனவர்கள் கடலுக்குள் தள்ளத் தள்ள அவை திரும்பி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. நீ அந்த நேரத்திலும் ஒன்றின் தலையைத் தடவி, ‘இதுக்குக் காதே இல்லடா, பத்து ரூபா பந்தயம்’ என்றாய்.

காது இருக்கிறது, மடையா. வெளியே குண்டூசித் துளைதான். ஆனால் அவை கேட்பது தாடையால். கீழ்த்தாடைக்குள் ஒரு கொழுப்புத் திரள் இருக்கிறது, சத்தம் அது வழியாகக் காதெலும்புக்குப் போகும். அந்த எலும்பும் மண்டையோடு ஒட்டாமல் தனியாகத் தொங்கும். அதனால்தான் தண்ணீருக்கடியில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அதற்குத் தெரிகிறது. எனக்கு மெஷின் போட்டும் தெரியவில்லை. கமலா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் வாசலுக்குப் போகிறேன்.

இன்னொன்று. ரங்கராவ் என்ற நம் நாட்டு நிலவியலாளர் ஜம்மு காஷ்மீரில் காலாகோட் பக்கம் மூட்டை மூட்டையாகப் புதைபடிவக் கற்களைச் சேர்த்தவர். அதில் ஒரு பிராணிக்கு 1971இல் ‘இந்தோஹையஸ்’, இந்தியப் பன்றி, என்று பெயர் வைத்தார். அவர் போன பிறகு மிச்சக் கற்களை மனைவிதான் காப்பாற்றி வைத்திருந்தார். கடைசியில் தெவிசன் என்ற உடற்கூறியல்காரரிடம் கொடுத்தார். கல்லைச் சுத்தம் செய்த உதவியாளர் கைதவறி ஒரு மண்டையோட்டை உடைத்துவிட்டார். உள்ளே காதெலும்பின் ஒரு பக்கச் சுவர் தடித்திருந்தது. திமிங்கலத்துக்கு மட்டுமே உள்ளது என்று நினைத்திருந்த தடிப்பு! சருகுமான் மாதிரி நாலு காலில் நின்ற, பூனையைவிடக் கொஞ்சம் பெரிய பிராணி. 4.8 கோடி ஆண்டுக்கு முன் ஓடைகளில் இறங்கித் திரிந்திருக்கிறது. திமிங்கலத்தின் நெருங்கிய பங்காளி. இதுவும் வெளிவந்தது 2007இல்தான்.

நினைத்துப் பார், அந்த அம்மாள் ‘கல்தானே’ என்று கொல்லையில் கொட்டியிருந்தால்? என் டைரிகளைக் கமலா என்ன செய்வாள் என்று கேட்டேன். பதில் சொன்னாள். மெஷினைக் கழற்றியிருந்தேன்.

கல்யாணம் ஏன் தள்ளிப்போனது? எழுது. போனில் என்றால் மெதுவாகப் பேசு, இடது காதில் வைத்துக்கொள்கிறேன். பத்து ரூபாயை ஜிபேயில் அனுப்பாதே, நேரில் வந்து கொடு.

உன்,
முருகேசன்