மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலையில் ஓடும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உன் பெயரை இங்கே எழுதவில்லை. அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை நின்றதிலிருந்து, வீட்டில் சத்தம் தொடங்கியதும் நீ காலணியை மாட்டிக்கொண்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் போகும் செம்மண் சாலையில், அந்தச் சடக்கில், ஓடிவிடுகிறாய். ஓடு. ஓடி முடித்ததும் நெஞ்சுக் கனம் குறைகிறதே, அது நிஜம்தான். ஆனால் கோபத்தின் அளவுக்கு வேகம் போடாதே.

மூச்சு சில வாரத்திலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று தினமும் முழு வேகத்தில் போகிறவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் வலி பிடிக்கும். கோபமாக இருக்கும்போது அந்த வலி உறைக்கவே உறைக்காது. அதனால் குளித்தபின் உட்கார்ந்து, அந்த எலும்பை மேலிருந்து கீழே விரலால் அழுத்திப் பார். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஒரு வாரம் ஓடாமல் நட. கட்டைவிரல் அகல இடத்தில் மட்டும் சுளீரென்றால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் காட்டு. பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) தான். விரிசலோடு ஓடினால் இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஓட்டமே இல்லாமல் போய்விடும். இப்போது உன்னைத் தாங்கி நிற்பதே அந்த ஓட்டம்தான். அதை இழக்காதே.

வாரத்துக்கு நான்கு நாள் போதும். ஐந்து நிமிடம் நட. பிறகு 3 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை என்று ஆறு முறை. ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் அதுதான் சரியான வேகம். நடுவில் நடப்பதற்கு வெட்கப்படாதே. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நம் நாட்டு ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் தங்கம் வாங்கியது நடையில்தான்.

தூரம் அளக்கக் கைப்பேசி வேண்டாம். செம்பனையை ஒரு வரிசையில் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில்தான் நடுவார்கள். பன்னிரண்டு மரத்தைத் தாண்டினால் 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சடக்கோரம் இடைவெளி மாறும் என்பதால் ஒருமுறை டேப்பால் அளந்துகொள். சடக்கு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் இடுப்பும் முழங்காலும் ஒரு பக்கமாக இழுக்கும். லோரி வராத இடத்தில் நடுவிலேயே ஓடு. ஆறு மணிக்குக் கிளம்பி ஏழுக்குள் திரும்பு. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதே, கட்டடத்துக்குள் போ. கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே வராதே.

வெறும் வயிற்றில் ஓடாதே. வீட்டில் சோறு குறைவான நாளில் ஓட்டத்தையும் குறை. அன்று நடை மட்டும். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், வந்ததும் முட்டையோ பருப்போ சேர்த்துச் சோறு. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வரவில்லை என்றால் உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். ஓட்டக்காரப் பெண்களுக்கு இது சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, கிளினிக்கில் கேள்.

இன்னொன்று. யாராவது உன்மேல் கை வைத்தால், அல்லது வீட்டுக்குத் திரும்பவே பயமாக இருந்தால், அது ஓடித் தீர்க்கிற விஷயம் இல்லை, தங்கச்சி. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல். அரசாங்கத்தின் ‘தாலியான் காசே’ உதவி எண்ணான 15999-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறாய் என்று அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ சொல்லிவிட்டுப் போ.

மழையில் காலணி நனைந்தால் அடுப்புப் பக்கம் வைக்காதே, அடிப்பாகத்துப் பசை விட்டுவிடும். உள்ளே இருக்கும் மெத்தையை உருவி, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. மறுநாள் மாலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

அன்புடன்