போரின் வாசனை அறியாதவர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இலக்கியப் பக்கத்தில், வேற்றுக்கிரகத்துக்குப் படை அனுப்பும் விஞ்ஞானக் கதைகளைப் பற்றித் தங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருந்தார்: "போரின் வாசனை அறியாதவர்கள் நாற்காலியில் இருந்து எழுதியவை, நம் மண்ணுக்கு ஒட்டாதவை." நான்கு நாட்களாக அந்த வரி நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அத்தகைய கதையான 'ஃபாரெவர் வார்' நாவலை எழுதிய அமெரிக்கர் ஜோ ஹால்ட்மன் பௌதிகவியல் படித்தவர். 1967இல் கட்டாய ஆட்சேர்ப்பில் பிடிக்கப்பட்டு, வியட்நாமுக்கு அனுப்பப்பட்டு, படுகாயத்துடன் திரும்பியவர். 1974இல் வந்த அந்த நாவலில் ஓர் இளைஞன் ஒளியை நெருங்கும் வேகத்தில் போர்க்களம் போய்த் திரும்புகிறான். அந்த வேகத்தில் காலம் மெதுவாக ஓடுவதால் அவனுக்கு இரண்டே வருடங்கள். பூமியில் இருபத்தைந்துக்கும் மேல். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அறிந்திருந்தும் அந்த வரியை அச்சேற விட்டீர்களே!

மண்ணுக்கு ஒட்டாதவையாம். 1988இல், கடல் கடந்து வந்த இந்தியப் படை எங்கள் ஊரில் முகாமிட்டிருந்தது. எங்கள் வேலியோரக் கஜு (முந்திரி) மரத்தடியில் ஒரு சிப்பாய், விழுந்து கிடந்த பழத்தைத் தின்றுவிட்டுப் பச்சைக் கொட்டையையும் பல்லால் கடித்தான். "கடியாதே தம்பி!" என்று அம்மா கத்தினார். மொழி புரியாத அவன் திடுக்கிட்டுத் துப்பாக்கியைப் பற்றிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் உதடு வெந்து கொப்பளித்தது. அம்மா ஒரு சிரட்டையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி வேலிக்கு மேலால் நீட்டினார். இருபது வயதுகூட இராது அவனுக்கு. வாங்குவதா விடுவதா என்று தெரியாமல் வெகுநேரம் நின்றான். ஹால்ட்மனின் நாவலில் ஆயிரம் வருடங்களைத் தாண்டியும் நீளும் போர், ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காததாலேயே நீண்டது என்று கடைசியில் தெரியவரும். அந்த இடத்தை வாசித்தபோது அந்தச் சிரட்டை என் கண்முன் வந்தது.

என் தம்பி 1990இல் ஊரை விட்டுப் போனான். திரும்பியது 2019இல். மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே மண்முனையில் 2014இலேயே பாலம் திறந்தாயிற்று, தொலைபேசியிலும் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவன் கால்கள் பழைய துறையடிக்கே போயிருக்கின்றன. வாவியைக் கடக்க நாங்கள் ஏறிய மிதவையைப் 'பாதை' என்போம். "பாதை எப்போது வரும்?" என்று முச்சக்கரவண்டிப் பையனிடம் கேட்டிருக்கிறான். வீட்டு வாசலில் அம்மா கேட்டார்: "யாருடைய பிள்ளை மகன் நீ?" ஒளி வேகப் பயணத்தை என் மாணவர்களுக்கு இதைவிட நன்றாக நான் எப்படி விளக்குவேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மாணவி ஒருத்தி சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு எழுதினாள். நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்துக்குப் போன சிப்பாய் தாய்க்குச் செய்தி அனுப்புகிறான். ஒளி வேகத்தில் வந்தாலும் அது வந்து சேர 4.24 வருடங்கள், பதில் போய்ச் சேர மேலும் அவ்வளவு. "யதார்த்தம் இல்லை" என்று நடுவர் சிவப்பு மையால் எழுதித் திருப்பினார். கடிதத்துக்காகத் தாய்மார் வருடக்கணக்கில் காத்திருந்த ஊரில் பிறந்தவள் அவள். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இந்தத் தீவிலேயே வாழ்ந்தார். நம் இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயரை யார் எடுத்தார்கள்? சென்ற வருடம் இதைக் கேட்டு நான் எழுதிய கடிதத்தில் பாதியைத்தான் வெளியிட்டீர்கள்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கோரவில்லை. அந்த மாணவியின் கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், நான்கு பக்கங்கள்தான். இடமிருந்தால் வெளியிடுங்கள். இல்லையேல் முத்திரை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். அவளிடம் வேறு பிரதி இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
படுவான்கரை, மட்டக்களப்பு.