எங்களுக்காகவும் போராடினீர்களா?

வேலூர்,
பிப்ரவரி 2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. தங்கைக்கு முழங்கால் வலி குறைந்ததும், பேத்தி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் படிக்கவே நிம்மதியாக இருந்தது. இங்கே மாசி பிறந்ததுமே வெயில் காந்தத் தொடங்கிவிட்டது. காலை ஐந்தரை மணிக்கே கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறேன். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது. கோயம்புத்தூரில் அந்த ருசி கிடைக்காது.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். "நமக்குத்தான் மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடுகிறதே, இந்த வயதில் ஆட்சியர் அலுவலக வாசலில் போய் ஏன் நிற்கிறாய்?" என்று. அக்கறையில் கேட்டாய் என்று தெரியும். பதில் கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்.

அன்று சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தின் முன் பழைய ஓய்வூதியத் திட்டத்தைத் திரும்பக் கேட்டு ஆர்ப்பாட்டம். நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தில் ஒலிபெருக்கியில் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. முடிந்தபின் டீக்கடையில் நின்றிருந்தோம். சட்டையில் கோரிக்கை அட்டையைக் குத்தியபடியே ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். வருவாய்த் துறையில் 2011இல் சேர்ந்தவள். என் சர்வீஸைக் கேட்டாள். 1983இல் சேர்ந்து 2018இல் ஓய்வுபெற்றேன், 2003 வேலைநிறுத்தத்தில் வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களில் நானும் ஒருவன் என்றேன். மரியாதையாகத்தான் கேட்டாள்: "ஐயா, அன்றைக்கு நீங்கள் எங்களுக்காகவும் போராடினீர்களா?"

டீ கையிலேயே ஆறிப்போனது. என்ன சொல்வது?

உனக்கும் நினைவிருக்கும். அந்த ஜூலையில் நாம் இறங்கியது நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட ஓய்வூதியப் பலன்களைத் திரும்பப் பெறத்தான். அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டமான டெஸ்மா பாய்ந்தது. மாநிலம் முழுக்க ஒன்றரை லட்சம் பேருக்கும் மேல் ஒரே வீச்சில் வெளியே தள்ளப்பட்டோம். ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

அதே ஆகஸ்ட் 6ஆம் தேதி இன்னொன்றும் நடந்தது. நிதித் துறையின் அரசாணை 259 அன்றைய தேதியிட்டது. 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1.4.2003 முதல் பணியில் சேருகிறவர்களுக்குப் பொருந்தாது என்று ஆக்கியது அந்த ஆணைதான். நாம் வாசலுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கடிதத்துக்கு வாசகம் தேடிக்கொண்டிருந்தோம். உள்ளே வரப்போகிறவர்களின் முதுமை ஒரு தாளில் மாற்றி எழுதப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் அப்போது பள்ளியிலும் கல்லூரியிலும் இருந்தார்கள். சங்கத்தில் உறுப்பினர் இல்லை, சந்தா இல்லை, தங்கள் சார்பில் கோஷம் போட ஒருவரும் இல்லை. இருக்கிறவர்கள் மேல் கை வைத்தால் தெருவுக்கு வருவார்கள். இன்னும் வராதவர்கள் மேல் கை வைத்தால் யார் வருவார்கள்?

"இல்லையம்மா" என்றுதான் அவளிடம் சொன்னேன். அது உண்மை.

கணக்கைப் பார். அடிப்படை ஊதியம் 40,000 ரூபாயில் முழுப் பணிக்காலமும் முடித்து நம்மைப் போல ஓய்வுபெறுகிறவருக்குப் பாதி, 20,000. இன்றைய அகவிலைப்படி 53 சதவீதம் சேர்ந்தால் மாதம் 30,600. விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். நமக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்குச் சம்பளத்தில் மாதாமாதம் 10 சதவீதம் பிடித்தம், அதே அளவு அரசின் பங்கு, அதற்கு வட்டி. ஓய்வுபெறும் நாளில் ஒரு தொகையைக் கையில் கொடுப்பதோடு கதை முடிந்தது. மாத ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

எங்கள் பகுதியில் அப்படி ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். 2004இல் சேர்ந்தவர். வந்த பணம் மகள் கல்யாணக் கடனுக்கும் கூரை மாற்றவும் போய்விட்டது. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவல். போன மாதம் வங்கியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாஸ்புத்தகத்தை இயந்திரத்தில் விட்டு எடுத்தார். புதிதாக ஒரு வரிகூட அச்சாகவில்லை. அந்த வெள்ளைப் பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் புத்தகத்தில் ஓய்வூதிய வரவு அச்சாகியிருந்தது. அதை அவர் எதிரில் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அரசுக்கு நிதிச் சுமை என்கிறார்கள். சுமை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் மேற்கு வங்கம் பழைய திட்டத்தைக் கடைசிவரை விடவே இல்லை. ராஜஸ்தான் 2022இலும் இமாசலப் பிரதேசம் 2023இலும் அதற்குத் திரும்பின. நகரா வழக்கைச் சங்க வகுப்பில் எத்தனை முறை படித்திருப்போம்! 1982 டிசம்பர் 17. ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கிப் போடும் பிச்சை அன்று, செய்த வேலைக்கான உரிமை என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கே ஒரு தேதியைப் பற்றியதுதான். 31.3.1979க்கு முன் ஓய்வுபெற்றவர், பின் ஓய்வுபெற்றவர் என்று பிரித்தது செல்லாது என்றார்கள். அது வேறு, இது வேறு என்று வழக்கறிஞர்கள் சொல்லலாம், சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். ஒரே மேசையில் ஒரே கோப்பைப் பார்க்கிற இருவரை ஒரு தேதி பிரிக்கிறதே, அதை என் மனம் இன்றும் ஏற்கவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியத் திட்டங்களை ஆராய ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் அரசு குழு போட்டிருக்கிறது. ஒன்பது மாத அவகாசம். இதே விஷயத்துக்காக 2016இல் போட்ட குழுவின் அறிக்கை 2018இல் வந்து என்ன ஆனது என்று பார்த்தவர்கள் நாம். அதனால் இளையவர்கள் காத்திருக்கத் தயாராக இல்லை. வட்டம் வட்டமாகப் போய்க் கூட்டம் போடுகிறார்கள். குடியாத்தத்துக்கும் அணைக்கட்டுக்கும் நானும் போனேன். எனக்குக் கொடுத்த வேலை, 2003ஐச் சொல்வது. எங்கே தவறினோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. அந்த மன்னிப்புக் கடிதம் எழுதிய இரவு நினைவிருக்கிறதா? 'மன்னிப்பு' என்ற சொல்லுக்கு வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. நீதான் பேனாவை வாங்கி எனக்கும் சேர்த்து எழுதினாய். கார்பன் வைத்து எடுத்த நகல்களை உன் டிரங்குப் பெட்டியில் போட்டுவைத்தாய். அந்தப் பெண் அதைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவள் மட்டும் அல்ல, அவளோடு இருக்கிற பத்துப் பதினைந்து பேரும். பங்குனியில் ஓய்வூதியர்களுக்கான வருடாந்திர நேர்காணலுக்காகக் கருவூலத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாயே, அப்போது மறக்காமல் எடுத்து வா. தாள் நைந்திருக்கும், பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வா. இரண்டு நாள் என் வீட்டிலேயே தங்கு. ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் கூட்டம் இருக்கிறது.

தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன்,
வேலூர் நண்பன்